சமயமும் மொழியும் குலமும்: நூற்றாண்டின் நடுக்கூற்றில் முஸ்லிம் அரசியல்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் நெடும்பாதையில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே முருங்கன் அமைந்துள்ளது. அங்கிருந்து தெற்கே பிரியும் பாதை சிலாவத்துறைக்கும், அதற்கப்பால் மறிச்சுக்கட்டி முதலிய முசலிப் பகுதி ஊர்களுக்கும் செல்கின்றது. வடக்கே மாந்தையில் திருக்கேதீச்சரம். கிழக்கே காட்டினுள் மடுமாதா கோயில். தெற்கிலும் தீவிலும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள். இம்மூன்று சமயத்தாரும் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசுவது தமிழே. மொழி ஒன்றாயிருக்கவும், அரசியலில் இவர்கள் ஏன் ஒரே வழியிற் செல்லவில்லை என்னும் வினா இப்பகுதியை நோக்குவார்க்கு இயல்பாகவே எழும். முஸ்லிம்களின் சமயப் பற்றே அதற்குக் காரணம் என்பது பலர் உடனே கூறும் விடை. அவ்விடை முற்றும் பொருந்துவதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முஸ்லிம் உலகெங்கும் எழுந்த சமய அரசியல் இயக்கங்களின் இயல்பை ஒருவாறு அறிந்து, பின்னர் இலங்கையை நோக்கினால் அதன் குறை தெளிவாகும்.

1924 ஆம் ஆண்டிலே துருக்கியில் கிலாபத்துப் பதவி ஒழிக்கப்பட்டது. முஸ்லிம் உலகுக்குத் தலைமைப் பீடமாகப் பெயரளவிலேனும் நின்ற அவ்வமைப்பு மறைந்தபின், அரசுக்கும் மார்க்கத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் பிரச்சினை ஒவ்வொரு நாட்டிலும் புதிதாக எழுந்தது. எகிப்திலே, 1928 ஆம் ஆண்டில், இஸ்மாயிலியா என்னும் கால்வாய் நகரில் ஹஸன் அல் பன்னா என்னும் பள்ளி ஆசிரியர் சுயெஸ் கம்பனித் தொழிலாளர் சிலரைச் சேர்த்து இக்வானுல் முஸ்லிமூன் என்னும் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கினார். பாடசாலை, வைத்தியசாலை, தொழிற்சங்கம் என அது பரந்து, இருபது ஆண்டுகளில் எகிப்திய அரசு அஞ்சும் பெரும்படையாயிற்று. 1948 டிசெம்பரில் இயக்கம் தடைசெய்யப்பட்டது. 1949 பெப்ரவரியில் அல் பன்னா கொலையுண்டார். அரசரை நீக்கிய இராணுவத்தினரும் அதனோடு நெடுநாள் ஒத்துப் போகவில்லை. 1954 இல் நாசர் மீது நடந்த கொலைமுயற்சியின்பின் இயக்கம் நசுக்கப்பட்டது. அதன் சிந்தனையாளரான ஸையித் குத்பு 1966 இல் தூக்கிலிடப்பட்டார்.

இந்தோனேசியாவிலே நிலைமை வேறு. அங்கு முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையினர். எனினும் சமயக் கட்சிகள் நாட்டை ஆளும் பலத்தைப் பெறவில்லை. 1955 ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி நூற்றுக்கு 22 வீதத்தைப் பெற்று முதலிடம் அடைந்தது. மஷூமி 21 வீதமளவிலும், அதிலிருந்து 1952 இற் பிரிந்துபோன உலமாக்களின் கட்சியாகிய நஹ்ததுல் உலமா 18 வீதமளவிலும் பெற்றன. நகரத்துச் சீர்திருத்தவாதியும் கிராமத்து ஆலிமும் ஒரே வேதத்தை ஓதினர். ஆயின் ஒரே பெட்டியில் வாக்கிட உடன்படவில்லை. இந்தப் பிளவு இந்தோனேசியாவுக்கு மட்டும் உரியதன்று.

இந்திய உபகண்டமே இவ்விடயத்தில் மிக வளமான களம். அங்கு மூன்று நோக்குகள் ஒன்றோடொன்று மோதின. முதலாவது முஸ்லிம் லீக்கின் நோக்கு. 1906 இல் டாக்காவில் தோன்றி, 1940 மார்ச்சில் லாகூரில் முஸ்லிம்களுக்குத் தனி அரசு கோரிய அக்கட்சியின் தலைவர் ஜின்னா ஆங்கில சட்டக் கல்வி பெற்றவர், மதகுருவல்லர். முஸ்லிம்கள் தனியொரு தேசிய இனம் என்பதே அவர் வாதம். 1945 ஆம் ஆண்டின் மத்திய சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய 30 தொகுதிகளையும் லீக் கைப்பற்றியது. பாகிஸ்தானின் எல்லைக்குள் ஒருபோதும் வரமுடியாத மதறாஸ் மாகாணத்து முஸ்லிம்களும் அக்கட்சிக்கே வாக்களித்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது, தேவபந்து மதறஸாவைச் சார்ந்த உலமாக்களின் நோக்கு. 1919 இல் நிறுவப்பட்ட ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்தின் பெருந்தலைவர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி, தேசியம் மண்ணினால் அமைவது; சமயத்தினால் அமைவதன்று என்றார். இந்துவும் முஸ்லிமும் ஒரு நாட்டினராய் ஒருங்கே விடுதலைக்குப் போராடலாம் என்பது அவர் கொள்கை. கவிஞர் இக்பால் தம் இறுதி நாள்களில், 1938 இல், இதனைக் கடுமையாக மறுத்தார். மதறஸாவில் வாழ்ந்த முதியவர் கூட்டுத் தேசியத்தை ஆதரித்ததும், மேனாட்டுத் தத்துவம் பயின்ற கவிஞர் சமயத் தேசியத்தை ஆதரித்ததும் வியப்பாகத் தோன்றலாம். சமயக் கல்வி மிகுந்தோர் சமய அரசையே வேண்டுவர் என்னும் பொதுக் கருத்து எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது நோக்கு மௌலானா மௌதூதியினுடையது. ஔரங்காபாத்தில் 1903 இற் பிறந்த இப்பத்திரிகையாளர், 1941 ஓகஸ்டில் லாகூரில் 75 பேரைக் கூட்டி ஜமாஅத்தே இஸ்லாமியை நிறுவினார். மண்ணை அடிப்படையாகக் கொண்ட தேசியத்தை அவர் ஏற்கவில்லை. லீக்கின் முஸ்லிம் தேசியத்தையும் ஏற்கவில்லை. முஸ்லிம்கள் ஆளும் நாடு வேறு, இஸ்லாம் ஆளும் நாடு வேறு என்பதே அவர் பிரிப்பு. பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானுக்குச் சென்று அங்கு இஸ்லாமிய அரசியலமைப்புக்காகப் போராடினார். இந்தியாவில் எஞ்சிய உறுப்பினர் 1948 இல் தனி அமைப்பாயினர். பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை 1949 மார்ச்சில் இயற்றிய இலட்சியத் தீர்மானத்தை மௌதூதியின் கட்சியினர் தம் வெற்றியெனக் கொண்டாடினர். ஆயின் 1953 இல் பஞ்சாபில் அஹ்மதியாக்களுக்கு எதிரான கலகம் மூண்டபோது மௌதூதிக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. அக்கலகத்தை விசாரித்த நீதியரசர்கள் முனீரும் கயானியும் 1954 இல் வெளியிட்ட அறிக்கை, 'முஸ்லிம் என்பவர் யார்' என்னும் கேள்விக்கு, வினவப்பட்ட உலமாக்களுள் எவ்விருவரும் ஒத்த விடை தரவில்லை என்று காட்டியது.

அதற்கு முன்னரே, 1952 பெப்ரவரி 21 ஆம் நாள், டாக்காவில் வங்காள மொழிக்காக ஊர்வலம் சென்ற மாணவர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுட்டவரும் முஸ்லிம்; இறந்தவரும் முஸ்லிம். ஒரே மார்க்கம் ஒரு நாட்டை ஒட்டவைக்கும் என்று நம்பியோர்க்கு மொழியின் வலிமை அன்று புலனாயிற்று. 1971 இல் வங்காளதேசம் பிறந்தது அந்த நாளின் நீட்சியே.

மொழியின் வலிமையை அறிந்த தமிழர் இவ்வரலாற்றை எளிதிற் புரிந்துகொள்வர். ஆயினும், டாக்காவில் மொழி வென்றதுபோல இலங்கையிலும் மொழி வென்றிருக்க வேண்டும் என்று தமிழ்த் தலைவர்கள் எதிர்பார்த்தமையே பின்னர் அவர்கள் அடைந்த ஏமாற்றத்துக்கு வித்தாயிற்று. டாக்காவில் வங்காள மொழியினர் பெரும்பான்மையினர். அனைவரும் ஒரே நிலப்பரப்பில் வாழ்ந்தனர். இலங்கை முஸ்லிம்களின் நிலை அதுவன்று. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அவர்கள் நாட்டில் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைந்தவர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வடகிழக்குக்கு வெளியே, கொழும்பு, களுத்துறை, காலி, கண்டி, புத்தளம் முதலிய இடங்களில் சிங்களவரிடையே சிதறி வாழ்ந்தனர். இந்தப் பூகோளமே அவர்கள் அரசியலின் முதற் பாடம்.

இந்தியாவின் தென்கோடியிலும் இதே பாடம் கற்கப்பட்டது. 1948 மார்ச் 10 ஆம் நாள் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. பிரிவினையின் பழி முழுவதும் அந்தப் பெயர்மீது கவிந்திருந்த அக்காலத்தில், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் அக்கட்சியைக் கலைத்துவிட மறுத்தார். மலபாரில் முஸ்லிம்கள் நெருங்கி வாழ்ந்தமையால் அங்கு அது தனிப்பலம் பெற்றது. 1967 இல் கேரள மந்திரிசபையில் இடம்பெற்றது. 1969 இல் மலப்புறம் தனி மாவட்டமாயிற்று. இஸ்மாயில் சாகிபே 1962 முதல் மூன்று தேர்தல்களில் மஞ்சேரியிலிருந்து லோக்சபைக்குத் தெரிவானார். தமிழ்நாட்டிலோ முஸ்லிம்கள் சிதறி வாழ்ந்தனர். ஆகவே அங்கு லீக் 1967 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்து, மொழிப்பற்று மிகுந்த ஓர் இயக்கத்தின் நிழலில் தன் இடத்தைத் தேடிக்கொண்டது. கட்சி ஒன்றே, நிலம் வேறுபடவே நெறியும் வேறுபட்டது. தமிழகத்து முஸ்லிம் தமிழன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காததற்கும் இலங்கை முஸ்லிம் தயங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை இங்குத் தேடவேண்டும்.

மன்னார்க் கரைக்கும் அக்கரைக்கும் இடையே 1914 முதல், 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, புகைவண்டியும் கப்பலும் இணைந்த போக்குவரவு நடந்தது. முருங்கன் நிலையத்தைக் கடந்தே அவ்வண்டிகள் சென்றன. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் ஆலிம்களும் வணிகரும் முத்துக்குளிப்போரும் இக்கரையோடு அதற்கும் மிக முந்திய தொடர்புடையவர். தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' போன்ற சென்னைத் தமிழ் ஏடுகள் இலங்கையிலும் வாசிக்கப்பட்டன. இங்குள்ள முஸ்லிம் மார்க்க அறிவை அரபியில் ஓதினாலும் தமிழில் விளங்கிக்கொண்டார். அரபெழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் இலக்கியமும், சித்திலெப்பை 1882 இற் கண்டியிலிருந்து தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும் அந்த உறவின் பயன்களே. இவ்வளவு இருந்தும் தமிழ் அவர்க்கு அரசியற் கொடியாகவில்லை. ஏன்?

வினாவின் வேர் 1880 களில் உள்ளது. சட்ட நிரூபண சபையில் இனவாரியாக ஆசனங்கள் வழங்கப்பட்ட காலம் அது. முஸ்லிம்களுக்குத் தனியாசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் குலத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று வாதிட்டார். 1888 இல் வெளியான அவரது கட்டுரை மொழியையும் வழக்கங்களையும் சான்றாகக் காட்டியது. அறிவுத்துறையில் எவ்வாறாயினும் அரசியலில் அவ்வாதத்தின் பயன், முஸ்லிம்களுக்குத் தனியாசனம் வேண்டியதில்லை என்பதே. 1889 இல் அரசு அவர்களுக்கு ஓர் ஆசனம் கொடுத்தது, எம். சி. அப்துல் ரகுமான் நியமனம் பெற்றார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு நீண்ட மறுப்பு எழுதி, சோனகர் அராபியர் வழிவந்தோர் என்று நிறுவ முயன்றார்.

இந்த விவாதத்தை நுணுகி நோக்கினால் ஓர் உண்மை தெரியும். இராமநாதன் மொழியை முன்வைத்தார். எதிர்த்தவர்கள் சமயத்தை முன்வைக்கவில்லை, குலத்தை முன்வைத்தனர். மதனியின் மண், இக்பாலின் மார்க்கம், வங்காளத்தின் மொழி ஆகிய மூன்றினும் வேறான நான்காம் அடிப்படை இது. இனத்துக்கு ஆசனம் கொடுக்கும் ஆட்சியில், தாம் தனியினம் என்று காட்டுவதே ஆசனம் பெறும் வழி. ஆகவே முஸ்லிம் தலைவர் வகுத்த வாதம் மசூதியில் விளைந்ததன்று. சட்டசபையின் வாயிலில் விளைந்தது. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் சூறையாடப்பட்டபோது, இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காக இங்கிலாந்து வரை சென்று வாதாடியமை இந்தப் பிளவை ஆழமாக்கிற்று. அவர் எதிர்த்தது இராணுவச் சட்டத்தின் கொடுமையை என்பது உண்மையே. ஆயினும் அடிபட்டவன் நினைவில் நிற்பது வாதத்தின் நுட்பமன்று.

டொனமூர் அரசியல் திட்டம் 1931 இல் இனவாரி ஆசனங்களை ஒழித்தது. அவ்வாண்டுத் தேர்தலில் முஸ்லிம்களுள் மாக்கான் மாக்கார் ஒருவரே வென்றார். 1936 இல் ஒருவரும் தெரிவாகவில்லை. ரீ. பி. ஜாயாவும் றாசிக் பரீதும் நியமன உறுப்பினராயே அரசாங்க சபையில் அமர்ந்தனர். இவ்விருவரும் சார்ந்த அமைப்புக்களின் வேறுபாடு குறிப்பிடத்தக்கது. ஜாயா மலாயர், ஆகவே அவருக்கு இடமளித்த அமைப்பு மார்க்கத்தால் ஒன்றுபட்ட முஸ்லிம் லீக். றாசிக் பரீத் தலைமை தாங்கியதோ இலங்கைச் சோனகர் சங்கம். அது குலத்தை வரம்பாகக் கொண்டது. 'நாம் முஸ்லிம்களா, சோனகரா' என்னும் இந்தச் சொற்போர் வெளியாருக்குச் சிறிதாகத் தோன்றலாம். மலாயரையும் இந்தியக் கரையோர முஸ்லிம்களையும் உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதே அதன் உட்பொருள்.

சமத்துவ பிரதிநிதித்துவம் கோரிய ஜீ. ஜீ. பொன்னம்பலம், சோல்பரி ஆணைக்குழுவின்முன் சிங்களவர்க்குப் பாதியும் சிறுபான்மையோர் அனைவர்க்கும் பாதியும் என்ற திட்டத்தை வைத்தபோது அதில் முஸ்லிம்களையும் கணக்கிட்டார். ஆயின் 1945 நவம்பர் 9 ஆம் நாள் சோல்பரித் திட்டத்தை ஏற்பது பற்றிய வாக்கெடுப்பு அரசாங்க சபையில் நடந்தபோது ஜாயா அதனை ஆதரித்தார். தம் சமூகத்தின் பாதுகாப்பைச் சுதந்திரத்துக்கு நிபந்தனையாக்க விரும்பவில்லை என்பது அவர் நிலைப்பாடு. தீர்மானம் 51 வாக்குகளுக்கு 3 என நிறைவேறியது. 1947 இல் அவர் மந்திரியானார். ஜின்னா கோரியதற்கு முற்றும் மாறான வழி இது. பாகிஸ்தானை மகிழ்ச்சியோடு வரவேற்ற அதே தலைவர்கள், தங்கள் நாட்டில் பெரும்பான்மையினரோடு கூட்டுச் சேர்வதையே தேர்ந்தனர்.

அவ்வழியிற் பெற்ற பயனும் சிறிதன்று. 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களை உறுதிப்படுத்திற்று. 1956 இன் வக்புச் சட்டம் பள்ளிவாசல்களின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியது. முஸ்லிம் பாடசாலைகளும் அரபு ஆசிரியர் நியமனங்களும் பெருகின. 1960 இல் பதியுத்தீன் மஹ்மூத் கல்வி மந்திரியானார். சமயக் கட்சி ஒன்றுமின்றியே சமயச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மௌதூதியின் கருத்துக்களால் ஈர்க்கப்பட்டோர் இலங்கையிலும் 1954 இல் ஜமாஅத்தே இஸ்லாமியை அமைத்தனர். அவர்கள் நூல் வெளியீட்டிலும் போதனையிலும் நின்றனரேயன்றித் தேர்தலில் இறங்கவில்லை. 1924 இல் எழுந்த ஜம்இய்யத்துல் உலமாவும் அவ்வாறே. மேவாத்தில் தோன்றிய தப்லீக் இயக்கம் அரசியலை அறவே ஒதுக்கியது. ஆகவே நடு நூற்றாண்டு இலங்கையில் மார்க்க இயக்கம் அரசியலை நாடவில்லை; அரசியல் செய்தோர் மார்க்க இயக்கத்தினர் அல்லர். எகிப்தையோ பாகிஸ்தானையோ பார்த்த கண்ணோடு இலங்கை முஸ்லிமைப் பார்த்தவர் தவறியது இவ்விடத்திலே.

1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. சேர் றாசிக் பரீத் அதனை ஆதரித்தார். சிங்களவரிடையே வாழும் மூன்றில் இரு பங்கினரின் நலனே அவர் கண்முன் நின்றது. தமிழ்ப் பகுதிகளில் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் பதவியிலும் நீதி கிட்டவில்லை என்ற குறையையும் அவர் எடுத்துரைத்தார். அக்குறையில் உண்மை இல்லையென்று சொல்ல இயலாது. ஆயினும் முசலியின் நெற்செய்கையாளனும் எருக்கலம்பிட்டியின் மீனவனும் அரசாங்கக் கந்தோருக்கு எழுதும் விண்ணப்பம் இனி எம்மொழியில் இருக்கவேண்டும் என்பது கொழும்பிலே முடிவு செய்யப்பட்டது. அவர்களைக் கேட்டவர் எவருமிலர்.

எல்லா முஸ்லிம் தலைவரும் அவ்வழிச் செல்லவில்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, முஸ்லிம்களுள் முதன்முதலாக இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸ், அக்காலத்தில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயும் மூதவை உறுப்பினராயும் இருந்தார். ஐக்கிய தேசியக் கட்சி தனிச்சிங்களக் கொள்கையை ஏற்றபோது அவர் அக்கட்சியிலிருந்து விலகினார். முஸ்லிம் கல்வி நிதியை 1945 இல் நிறுவியவரும், 'இலங்கையில் இஸ்லாம்' என்னும் நூலைத் தமிழில் ஆக்கியவரும் அவரே. தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தை வாழ்நெறியாகவும் கொள்வதில் அவர் முரண்பாடு காணவில்லை. அவருக்குப் பின்னே ஒரு கட்சி நின்றிருந்தால் வரலாறு வேறாயிருக்குமோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவர் தேர்தல்களத்து மனிதரல்லர்.

தமிழரசுக் கட்சி 1949 டிசெம்பரில் தோன்றியபோதே 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடரைக் கையாண்டது. இராமநாதனின் பழைய வாதத்தைக் கைவிட்டு, குலம் எதுவாயினும் மொழி ஒன்றே என்று அணைக்க முயன்றது அது. 1956 இல் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் வென்றனர். இருவரும் நீண்ட காலம் அதில் நிலைக்கவில்லை. முஸ்தபா 1959 இல் தகநாயக்கா மந்திரிசபையில் நிதி மந்திரியானார். இதனைத் துரோகம் என்று கூறித் தமிழ் மேடைகள் அமைதியடைந்தன. வாக்களித்த மக்கள் ஏன் சினக்கவில்லை என்று ஆராய்ந்தோர் சிலரே.

ஆராய்ந்திருந்தால் 1957 ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்கா, செல்வநாயகம் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு அவர்கள் கண்ணிற் பட்டிருக்கும். அதன்படி கிழக்கு மாகாணத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகப் பிரிக்கலாம். அங்கு முஸ்லிம்கள் தமக்கென ஒரு பிராந்தியத்தை எதிர்பார்க்க இடமிருந்தது. வட மாகாணமோ பிரிவின்றி ஒரே பிராந்தியமாகும். வடக்கிலே முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்க தொகையினராய் உள்ள மாவட்டம் மன்னார். 1981 குடிசன மதிப்பின்படியும் அங்கு நூற்றுக்கு 26 பேரளவில் சோனகர். வட மாகாணம் முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டால் அவர்கள் தொகை மிகச் சிறிதாகிவிடும். மன்னார் முஸ்லிம் தன் நிலை யாதாகும் என்று கேட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தில் விடையில்லை. ஒப்பந்தம் 1958 ஏப்ரிலில் கிழித்தெறியப்பட்டமையால் வினாவும் அதனோடு மறைந்தது, தீர்ந்துவிடவில்லை.

மன்னார்த் தொகுதியின் தேர்தல் வரலாறும் இதனையே காட்டும். 1947 இல் சுயேச்சையாக வென்ற சி. சிற்றம்பலம் மந்திரிசபையில் இடம்பெற்றார். 1956 முதல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன் தொடர்ந்து வென்றார். 1961 சத்தியாக்கிரகத்தின்போது மன்னார்க் கச்சேரியும் மறிக்கப்பட்டது. அழகக்கோனின் மறைவையொட்டி 1974 இல் நடந்த இடைத்தேர்தலில் எஸ். ஏ. ரஹீம் வென்று அத்தொகுதியின் முதல் முஸ்லிம் பிரதிநிதியானார். அவர் நின்றது ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில். தமிழ் பேசும் மக்கள் என்று கால் நூற்றாண்டு முழங்கிய கட்சி, மன்னாரில் ஒரு முஸ்லிமைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை.

1977 இல் மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியினர் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்து, அதன் சின்னத்தில் வேட்பாளரை நிறுத்தினர், எவரும் வெல்லவில்லை. அவ்வுடன்பாட்டில் முன்னின்ற இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப். அவரே 1981 இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1988 இல் அது அரசியற் கட்சியாகப் பதிவு பெற்று, அவ்வாண்டு வடகிழக்கு மாகாண சபையில் 17 இடங்களைப் பெற்றது. குர்ஆனையும் நபிமொழியையும் தன் அடிப்படையாக அறிவித்த முதற் பெருங்கட்சி அதுவே. இந்தியாவிலும் எகிப்திலும் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது இலங்கையில் நாற்பது ஆண்டுகள் பிந்தி எழுந்ததற்குக் காரணம், முன்னைய மூன்று வழிகளும் தீர்ந்து போனமையே. குலத்தின் பெயரால் ஆசனம் பெற்ற காலம் 1931 இல் முடிந்தது. பெரும்பான்மையோடு கூடிய வழி கொழும்பு வணிகர்க்கு உதவியதேயன்றிக் கிழக்கின் வயல் நிலத்தைக் காக்கவில்லை. மொழியின் பெயரால் நீட்டப்பட்ட கை, 1980 களில் ஆயுதம் ஏந்திய கையாயிற்று.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். அவர்கள் தொகை ஏறத்தாழ 75,000. அவர்களுட் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தார். எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளிலும் பின்னர் கல்வீடுகளிலும் வாழ்ந்தனர். வெளியேற்றியவர் பேசியதும் தமிழ். வெளியேறியவர் பேசியதும் தமிழ்.

போர் 2009 இல் முடிந்தபின் முசலிக்குத் திரும்பியோர் தம் வயல்களில் பெருமரங்கள் வளர்ந்து காடாயிருப்பதைக் கண்டனர். மறிச்சுக்கட்டிப் பகுதியில் அவர்கள் நிலத்தைத் துப்புரவாக்கியபோது, அது வில்பத்துவை அடுத்த வனம் என்ற வழக்கு எழுந்தது. புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். ஒரு குடும்பத்தின் வாக்காளர் பதிவு ஒரு மாவட்டத்திலும் பிள்ளைகளின் பாடசாலை வேறொரு மாவட்டத்திலும் இருப்பது அங்கு வழமையாயிற்று.